அமைதிக்கு ஒரு ஸ்பெஷல் கிளாஸ்

உங்கள் வீட்டில் 15-லிருந்து 22 வயதுக்குள் ஒரு பிள்ளை இருக்கிறதா? சில நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதா? மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் திரும்புகிறதா? பயப்படாதீர்கள். அதற்கு மன அமைதி பற்றவில்லை, அவ்வளவுதான். பிள்ளையிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டாம். பெற்றவர்களுக்குத் தெரியாததா?

பாட்டன் பூட்டன் ஞானத்தையும் இன்றைய செல்போனையும் சேர்த்துப் பிடித்தால் ஒரே மாதத்தில் எந்தப் பிள்ளையையும் அமைதிப்படுத்திவிடலாம். மதுரைக்காரர்களுக்கு வேலை இன்னும் சுலபம். ஊரைச் சுற்றி மலை, மலைக்கு மலை சமணர் படுக்கை, நடுவில் மீனாட்சி, போதாததற்குத் தெருவுக்குத் தெரு செல்போன் டவர். கீழே சொல்வதை வரிசை மாறாமல் செய்யுங்கள். பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருப்பீர்கள். மீதியை நாளைக் காலையில் ஆரம்பித்துவிடலாம்.

1. தூக்கத்தில் கை வையுங்கள்.

பிரம்ம முகூர்த்தம் என்பது சூரியன் உதிக்க 96 நிமிடம் இருக்கையில் தொடங்கி 48 நிமிடம் நீடிப்பது. மதுரைக் கணக்குக்கு நாலரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னோர் அந்த நேரத்தில் எழுந்தார்கள். விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் படுத்தும்விட்டார்கள் என்ற துணுக்கை மட்டும் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். நீட் கோச்சிங் முடித்து, வீட்டுக்கு வந்து ஆன்லைனில் மாதிரித் தேர்வு எழுதி, இரவு ஒரு மணிக்குப் படுத்த பிள்ளையை நாலரைக்கு எழுப்புங்கள். அலாரத்தில் ஓம் ஒலி வையுங்கள். மார்கழியில் அதுவும் வேண்டாம், தெருமுனைக் கோயிலின் குழாய் ஸ்பீக்கர் பார்த்துக்கொள்ளும். எழுந்ததும் கண்ணை மூடி உட்காரச் சொல்லுங்கள். தூங்கி விழுந்தால் தட்டி எழுப்புங்கள். பிறகு மறுபடியும் கண்ணை மூடச் சொல்லுங்கள்.

2. அளக்க ஆரம்பியுங்கள்.

அளக்க முடியாத அமைதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கட்டிவிடுங்கள். அது மணிக்கட்டில் பச்சை வெளிச்சம் அடித்து, ஒரு நாடித் துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளி எப்படிக் கூடிக் குறைகிறது என்று பார்த்து, மன அழுத்தம் இத்தனை என ஒரு எண்ணைச் சொல்லும். மாடிப்படி ஏறினாலும் துடிப்பு மாறும், காபி குடித்தாலும் மாறும். அந்த ஆராய்ச்சிக்குள் போகாதீர்கள். எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, சமையலறையில் இருந்தபடியே குரல் கொடுங்கள்: "டேய், இப்ப எத்தன காட்டுது?"

ஏறியிருக்கும். "பாத்தியா, கேட்டதுக்கே ஏறுது. உள்ளுக்குள்ள எம்புட்டு டென்ஷன வச்சிருக்க!" என்று ஆறுதல் சொல்லுங்கள். இன்னும் கொஞ்சம் ஏறும்.

அந்த எண்ணைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் போடுங்கள். சித்தப்பா மகனின் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் தொடங்கிய போட்டியை நாடித்துடிப்பு வரைக்கும் கொண்டுவந்தால்தான் குடும்பத்தில் ஒரு தொடர்ச்சி இருக்கும்.

3. செயலியை ஏற்றுங்கள்.

எந்த போன் பிள்ளையைக் கெடுக்கிறது என்று மாமனாரிடம் புலம்பினீர்களோ, அதே போனில் தியானச் செயலியையும் ஏற்றுங்கள். இன்ஸ்டாகிராமுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கை தவறினால் எங்கே போகும் என்பது பிள்ளைக்கு ஒரு வைராக்கியப் பயிற்சி.

இலவசப் பதிப்பே போதும். மூச்சை உள்ளே இழுத்து முடிக்கும்போது கடன் செயலி விளம்பரம் வரும். அது முடிகிற வரைக்கும் பிள்ளை மூச்சை வெளியே விடாமல் இருந்தால் கும்பகமும் சேர்ந்து பழகிவிடும்.

வழிநடத்தும் குரல் ஏதோ ஒரு குளிர் நாட்டு ஆங்கிலத்தில் இருக்கட்டும். கத்திரி வெயிலில், மின்சாரம் போன மத்தியானத்தில், செல்லூர் சந்துக்குள் ஒரு மாடி அறையில் வியர்த்து ஒழுகிக்கொண்டிருக்கும் பெண்ணிடம், பனி கொட்டும் காட்டுக்குள் மெல்ல நடப்பதாக நினைத்துக்கொள் என்று அந்தக் குரல் சொல்லும். பனி என்றால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாவில் கதாநாயகி மெல்லிய சேலையில் நடுங்கிக்கொண்டே ஆடும் இடம். பரவாயில்லை, கற்பனை வளரும்.

முக்கியமானது ஸ்ட்ரீக். ஒரு நாள் விடாமல் தியானம் செய்தால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். ஒரு நாள் விட்டால் பூஜ்யம். இரவு 11.55-க்கு அவள் அலறி எழுந்து, "அய்யோ, இன்னைக்கு அமைதியா இருக்க மறந்துட்டேன்மா!" என்று போனைத் தேடி ஓடினால், செயலி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

4. பழைய ஞானத்தைப் பாதியில் இருந்து தொடங்குங்கள்.

திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் யோகத்தின் எட்டு உறுப்புகளைச் சொல்கிறார். பதஞ்சலியிடமும் அதே வரிசைதான். இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம் என்று போகும். மூச்சுப் பயிற்சி நாலாவது படியில்தான் வருகிறது என்பதைக் கவனித்தீர்களா? முதல் இரண்டையும் தாண்டிக் குதித்துவிடுங்கள். அதில் பொய் சொல்லாமை, பிறர் பொருளுக்கு ஆசைப்படாமை, அடுத்தவரைத் துன்புறுத்தாமை என்று வீட்டில் இருக்கிற எல்லோரையும் வம்புக்கு இழுக்கிற விஷயங்கள் கிடக்கின்றன. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கப் போய், "அப்போ வட்டிக்காரர் வந்தா அப்பா ஊர்ல இல்லைன்னு நான் சொல்லக் கூடாதாப்பா?" என்று கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

மூச்சு என்றால் பிரச்சினையே இல்லை. பிள்ளை மட்டும் விட்டால் போதும்.

புத்தகம் வாங்க வேண்டாம், ஃபார்வர்டு போதும். எந்தச் செய்தியாக இருந்தாலும் மேலே ஒரு சித்தர் படம், கீழே நாசாவே வியந்தது என்ற வரி. இரண்டும் இருந்தால் அனுப்பிவிடுங்கள். திறந்து படித்தானா என்று நீல டிக் பாருங்கள். படிக்கவில்லை என்றால் கூடத்தில் உட்கார வைத்து நீங்களே உரக்க வாசியுங்கள்.

5. மலைக்குக் கூட்டிப் போங்கள்.

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமண முனிவர்கள் பாறையைச் செதுக்கிய படுக்கையில் படுத்து, தியானத்தில் இருந்திருக்கிறார்கள். தலைப்பக்கம் மட்டும் தலையணை மாதிரி கொஞ்சம் மேடாக விட்டிருப்பார்கள். அதுதான் அங்கே இருந்த ஒரே சொகுசு. மாங்குளத்துப் பாறையில் நெடுஞ்செழியன் பெயரோடு, கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்துத் தமிழி எழுத்தே இருக்கிறது. யாருக்காக வெட்டியது, யார் வெட்டிக் கொடுத்தது என்ற விவரமெல்லாம் உண்டு. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்து உபயதாரர் பெயர் எழுதும் நம் மரபு எவ்வளவு பழையது என்று பிள்ளைக்கு அங்கே விளக்கலாம்.

நீங்கள் கீழக்குயில்குடி சமணர் மலைக்கே போங்கள், பக்கம். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். இங்கே ஒரு ஆபத்து. காரை விட்டு இறங்கியதும் குளத்தங்கரையில் பிள்ளை சும்மா உட்கார்ந்துவிடக் கூடும். உட்கார விடாதீர்கள். படி ஏறுங்கள். செட்டிப்புடவில் மகாவீரர் முன்னால் நின்று ரீல் எடுங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கரில் புல்லாங்குழல் இசை போடுங்கள், காற்றுச் சத்தம் தொந்தரவு செய்யாது. பேச்சிப்பள்ளத்துச் சிற்ப வரிசைக்குக் கீழே பிரியாணிப் பொட்டலத்தைப் பிரியுங்கள். உயிர்க்கொலை ஆகாது என்று ஊர் ஊராகச் சொன்னவர்களின் மலை அது. ஆனால் பிரியாணி சீரக சம்பா, ஆறினால் நன்றாக இருக்காது.

கிளம்பும் முன் கேளுங்கள்: "இந்த அமைதிய அப்படியே பிடிச்சுக்கிட்டு, வர்ற ஞாயித்துக்கிழமை டெஸ்ட்ல எத்தன எடுப்ப?"

6. கோயிலில் கவனம் தேவை.

2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு மீனாட்சி அம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அதன்பின் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை வந்தது. 2022 டிசம்பரில் தமிழ்நாட்டுக் கோயில்கள் எல்லாவற்றிலும் தடை விதிக்கச் சொல்லி அதே கிளை உத்தரவிட்டது. பக்தர்கள் என்ற முறையில் வரவேற்போம். பயிற்றுநர் என்ற முறையில் எனக்கு இதில் வருத்தம். ஒரு மணி நேரம் போன் இல்லாமல் ஒரு பிள்ளை பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எந்தச் செயலியும் பதிவு செய்ய முடியாது.

சமாளிக்க வழி இருக்கிறது. போனை ஒப்படைத்து வாங்கிய டோக்கனைப் பிள்ளையிடமே கொடுங்கள். அஷ்டசக்தி மண்டபத்தில் ஒருமுறை, முக்குறுணி விநாயகர் முன்னால் ஒருமுறை, வெள்ளியம்பலத்தில் நடராஜர் கால் மாறி ஆடுவதை அவன் நிமிர்ந்து பார்க்கும்போது ஒருமுறை, "டோக்கன் பத்திரமா இருக்கா?" என்று கேளுங்கள். வெளியே வந்ததும் முதல் வேலையாக போனை வாங்கி, மிஸ்டு கால் யார் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

7. ஒரு முகாமில் சேருங்கள்.

அமைதி தனியாக வராது, கூட்டமாகத்தான் வரும். 500 மாணவர்கள், தகரக் கூரை அரங்கம், வராதவர்களுக்கு ஆப்சென்ட். சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து, பொன்னாடை வாங்கி, மௌனத்தின் மகிமை குறித்து இரண்டு மணி நேரம் பேசுவார். மைக் கூவும். கடைசியில் இரண்டு நிமிடத் தியானம், அதில் ஒரு நிமிடம் போட்டோ. ஜூன் 21 யோகா தினத்திலும் இதே முறைதான், பாய் மட்டும் கூடுதல்.

சான்றிதழை லேமினேட் செய்து வையுங்கள்.

8. 1896-ஐ மறக்காதீர்கள்.

இனி ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன எதையும் செய்யாத ஒரு வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். இதுவும் மதுரைதான். தெற்குக் கோபுரத்துக்குப் பக்கத்தில், சொக்கப்ப நாயக்கன் தெரு.

திருச்சுழியைச் சேர்ந்த வெங்கடராமன் என்ற 16 வயதுப் பையன், தகப்பனாரை இழந்து, சித்தப்பா சுப்பையர் வீட்டில் தங்கி, அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். கால்பந்து ஆடுவார். தூங்கினால் இடி விழுந்தாலும் தெரியாது. வீட்டில் கிடைத்த பெரிய புராணத்தை ஒருமுறை படித்திருந்தார். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லாத பிள்ளை.

அந்த ஜூலை மாதத்தில் ஒருநாள் மாடி அறையில் தனியாக இருந்தபோது, உடம்புக்கு ஒன்றும் இல்லாமலே, சாகப்போகிறோம் என்ற பயம் அவரைப் பிடித்தது. டாக்டரைக் கூப்பிடவில்லை. பெரியவர்களிடமும் சொல்லவில்லை. பிணம் போலப் படுத்து, கை கால்களை விறைப்பாக நீட்டி, உதட்டை மூடி, மூச்சை அடக்கி, இப்போது சாவது எது என்று பார்த்தார். எழுந்தபோது பயம் போயிருந்தது, திரும்பி வரவே இல்லை. பயிற்றுநர் கிடையாது, பின்னணி இசை கிடையாது, பதிவுக் கட்டணமும் கிடையாது. முறைப்படி இதை ஒரு பயிற்சி என்றே என்னால் ஏற்க முடியவில்லை.

விளைவைப் பாருங்கள். விளையாட்டு போயிற்று. சாப்பாட்டில் ருசி போயிற்று. சாயங்காலமானால் தன்னந்தனியாகக் கோயிலுக்குப் போய் அறுபத்து மூவர் சிலைகளுக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். படிப்பு சரிந்தது. ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. பெயின் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் ஒரு பாடத்தை மூன்று முறை எழுதிவரச் சொல்லித் தண்டனை. இரண்டு முறை எழுதினார். மூன்றாவதை எழுதப் பிடிக்காமல் நோட்டை ஒதுக்கிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்த அண்ணன் நாகசாமி, இப்படி இருக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்கிற பொருளில் கடுமையாக ஒரு வார்த்தை சொன்னார்.

அண்ணன் செய்தது நூற்றுக்கு நூறு சரி. நாமும் தினமும் அதைத்தான் செய்கிறோம். அவர் சறுக்கியது அடுத்த விஷயத்தில். பள்ளியில் மின்சாரம் பற்றி ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று தம்பி எழுந்தார். (அந்தக் காலத்திலேயே மதுரையில் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்றால் பிள்ளையை நம்பி அனுப்பினார்கள். நம் பாரம்பரியம் அது.) அப்படியே என் காலேஜ் சம்பளத்தையும் கட்டிவிடு, பெட்டியில் 5 ரூபாய் இருக்கிறது என்றார் அண்ணன். சித்தி சோறு போட்டு, பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

தம்பி 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயோடு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, ஸ்டேஷனுக்கு நடந்தார். பன்னிரண்டு மணி ரயில். அவர் போகவே நேரமாகிவிட்டது. ரயிலும் தாமதமாகவே வந்தது. ஒரு இளைஞனின் மன அமைதிக்குத் தொழில்நுட்பம் செய்த உருப்படியான உதவி என்று நான் அறிந்தவரை இது ஒன்றுதான்.

அவர் போக நினைத்த திருவண்ணாமலைக்கு அப்போது ரயில் பாதை போட்டாகிவிட்டது. வீட்டிலிருந்த பழைய அட்லஸில் அது இல்லை. பக்கத்து ஊர் திண்டிவனம் என்று எண்ணி 2 ரூபாய் 13 அணாவுக்கு டிக்கெட் எடுத்தார். விழுப்புரத்தில் மாறினால் போதும் என்று ரயிலில் வந்த ஒரு மௌல்விதான் சொன்னார். கொஞ்சம் ரயில், நிறைய நடை, வழியில் காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்தல் என்று செப்டம்பர் 1-ஆம் தேதி காலை திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். சேர்ந்தவர் திரும்பவில்லை. 1950-இல் உடலை விடும்வரை அந்த மலையிலும் அடிவாரத்திலுமாகவே இருந்தார். ரமண மகரிஷி என்று உலகம் தேடி வந்தது. வீட்டார் அவரைக் கண்டுபிடிக்கவே 1898 ஆகிவிட்டது.

பாடம் படியுங்கள். பிள்ளையை மாடி அறையில் தனியாக விடாதீர்கள். போனில் லொகேஷன் ஷேரிங் போட்டு வையுங்கள், திண்டுக்கல் தாண்டுவதற்குள் பிடித்துவிடலாம். கட்டணத்தை நீங்களே யூபிஐயில் கட்டிவிடுங்கள். ரொக்கமாக 3 ரூபாய் கையில் இருந்ததால் வந்த வினை இவ்வளவும்.

அந்த வீடு இன்று ரமண மந்திரம். யார் வேண்டுமானாலும் போய்ச் சும்மா உட்காரலாம். பிள்ளையோடு போனால் ஐந்து நிமிடத்துக்குள் கிளம்பிவிடுங்கள்.

9. 14416 என்ற எண்ணைப் பிள்ளை கண்ணில் காட்டாதீர்கள்.

2022 அக்டோபர் 10-ஆம் தேதி மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் எண் இது. இருபத்து நாலு மணி நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். பயிற்சி பெற்ற ஒரு மனிதர் குறுக்கே பேசாமல் கேட்பார். பிள்ளைக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டால் அப்புறம் நம்மிடமும் அதையே எதிர்பார்க்கும். தவிர, மனநலம் என்ற சொல் வெளியே தெரிந்தால் வரன் பார்ப்பது எப்படி? வாட்சில் வருகிற எண்ணை ஊருக்கே காட்டலாம். இந்த எண்ணை மட்டும் மூடி மறையுங்கள்.

10. மொட்டை மாடியைப் பூட்டுங்கள்.

காற்று வாங்கப் போகிறேன் என்று ஆரம்பிக்கும்.

11. கடைசி நாள் தேர்வு.

ஒரு மாதம் முடிந்ததும் பிள்ளையை எதிரே உட்கார வையுங்கள். வாட்ச் கையில், செயலி ஓடட்டும், சாம்பிராணி புகையட்டும். நிமிடத்துக்கு ஒரு தடவை, அன்பாக, "இப்ப அமைதியா இருக்கியா?" என்று கேளுங்கள்.

ஆமாம் என்றால் நம்பாதீர்கள், தொடர்ந்து கேளுங்கள். பதில் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்தால் எட்டாவது பாடத்தை மறுபடி படித்துவிட்டு, அண்ணன்காரனைக் கூப்பிடுங்கள். பத்தாவது தடவை, பதினைந்தாவது தடவை எழுந்து நின்று, வாட்சைக் கழற்றி எறிந்து, "என்னைய சும்மா விடுங்கம்மா!" என்று தெருவே கேட்கக் கத்தினால், அதை அப்படியே வீடியோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். முதல் நிலை தேறிவிட்டது. இரண்டாம் நிலை வகுப்பு அடுத்த சனிக்கிழமை காலை நாலரைக்கு ஆரம்பம். அண்ணன் தம்பி இருவராகச் சேர்ந்தால் சலுகை உண்டு. கட்டணம் யூபிஐயில் மட்டும். பிள்ளை கையில் கொடுத்து அனுப்ப வேண்டாம்.